காம்பவுண்டோடு முடிந்த கணக்கு

மழைநீர் வடிகால் பாடம் நடத்துகிறவளின் வீட்டுக்கடியில் மழைநீர் புகுவது, பல் டாக்டருக்குச் சொத்தைப்பல் வருவது மாதிரி. வெளியே சொல்ல முடியாது. சொல்கிறேன்.

மைசூர் ஹெப்பாளில் எங்கள் அபார்ட்மென்ட். வண்டிகளெல்லாம் பேஸ்மென்ட்டில். கனமழை பெய்தால் அங்கே எவ்வளவு தண்ணீர் சேரும் என்று அசோசியேஷன் தலைவர் கேட்டார். பாலிடெக்னிக்கில் நான் நடத்துவதே அதைத்தான். (யாரும் கேட்காமலே) ஸ்லைடு போட்டு விளக்கினேன். நிலப்பரப்பு, மழையின் வேகம், தரை உறிஞ்சாமல் விடும் பங்கு, மூன்றையும் பெருக்கினால் வழிந்தோடும் நீர்.

"கணுக்கால்கூட நனையாது. இருக்கிற பம்ப்பே தாராளம்," என்றேன்.

கைதட்டினார்கள். பெரிய பம்ப் வாங்கும் பேச்சு அன்றோடு போயிற்று.

அடுத்த பெருமழை ஒரு சனிக்கிழமை மதியம் வந்தது. குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வாங்கிய கொத்தமல்லி காரிலேயே இருந்தது. மகள் நந்தினியை எடுத்துவரச் சொன்னேன்.

"கீழ தண்ணி வந்திருந்தா?"

"கணக்குப் போட்டவளே சொல்றேன். போடி."

போனாள். கரண்ட்டும் போனது. கரண்டியோடு பால்கனிக்கு வந்தேன். எதிரே மேட்டில் இருக்கும் லேஅவுட்டின் தெருக்களெல்லாம் செம்மண் ஆறாக இறங்கி, எங்கள் கேட்டில் திரும்பி, சரிவில் இறங்கும் கார் போல ஒழுங்காக பேஸ்மென்ட்டுக்குள் போய்க்கொண்டிருந்தன.

தண்ணீர்க் கணக்குக்கு எல்லை மேட்டின் முகடுதான், மதில் இல்லை என்று வருடா வருடம் மாணவர்களிடம் கத்துகிறவள் நான். அசோசியேஷன் தந்த பிளான் காம்பவுண்டோடு முடிந்திருந்தது. நானும் அங்கேயே முடித்துக்கொண்டேன். மழைக்கு அது தெரியவில்லை.

எப்படி மாடியிறங்கினேன் என்று நினைவில்லை. (கரண்டி கையிலேயே இருந்ததாகச் சாட்சிகள் உண்டு.) படிக்கட்டின் கடைசிப் படிகள் நீருக்குள். காரின் பானெட் மேல் நந்தினி, கையில் கொத்தமல்லிக் கட்டு.

"அம்மா! கணுக்கால்னு சொன்னியே, யாரோடது? தசரா யானையோடதா?"

கார் மெல்ல அசைந்தது. பின்னாலேயே ஓடிவந்த தலைவர் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு என் கையைப் பிடிக்க, நான் இடுப்பளவு நீரில் இறங்கி அவளை எட்டிப் பிடித்தேன். இழுத்து மேலே ஏற்றியதும் அறைந்தேனா, அணைத்தேனா, தெரியவில்லை.

"மேடம், இவ்ளோ நீரு எல்லிந்த பந்து?" என்றார் தலைவர், மூச்சு வாங்க, பாதி கன்னடத்தில்.

"மேல் லேஅவுட்ல இருந்து, சார்."

"அது உங்க ஸ்லைடுல இல்லவே இல்லையே?"

இப்போது விருந்தாளிகளுக்கு நான் அரிசி அளந்தால் போதும், கணவர் கேட்கிறார்: "மேல் லேஅவுட்டையும் சேத்துக்கிட்டியா?"

"சாகு பிடுப்பா, போதும் விடு, அம்மா பாவம்," என்று சொல்லிவிட்டு நந்தினிதான் அதிகம் சிரிக்கிறாள். நானும் சிரிப்பேன். ஆனால் வெளியே மழை என்றால், அவள் என் கண்ணெதிரே, எங்கள் மூன்றாவது மாடி வீட்டில் நின்றுதான் சிரிக்க வேண்டும்.