மாலை போட்டு வந்த கம்ப்ரஸர்

பழங்காநத்தம்,
மதுரை.

மதிப்பிற்குரிய மாப்ள சுருளி அவர்களுக்கு,

உங்கள் அக்காள் வீட்டுக்காரன் அருள்பாண்டி எழுதிக்கொண்டது. இங்கு நான், உங்கள் அக்காள் சோலையம்மாள், பிரசவத்துக்கு வந்த மகள் அஸ்வினி, அவள் பெற்ற பேரன் எல்லோரும் நலம். தூக்கம் மட்டும் யாருக்கும் இல்லை. பேரையூரில் நீங்களும் தங்கச்சியும் ஆடு மாடுகளும் நலமாக இருக்க பாண்டி முனியைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

நிற்க. நீங்கள் மினி லாரியில் ஏற்றி அனுப்பிய கம்ப்ரஸர் முந்தாநாள் வந்து இறங்கியது. சந்தனம் குங்குமம் வைத்து, ரோஜா மாலை போட்டு அனுப்பியிருந்தீர்கள். "தாய்மாமன் சீரா?" என்று எதிர்வீட்டு அம்மா கேட்டதும் உங்கள் அக்காள் மூஞ்சியில் வந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆனால் மாப்ள, கோபித்துக்கொள்ளக் கூடாது, நான் சொன்ன கம்ப்ரஸர் இது இல்லை. போனில் சொன்னால் மறுபடியும் கோளாறாகும் என்றுதான் எழுத்தில் வைக்கிறேன்.

அன்றைக்குப் போனில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். "கம்ப்ரஸர் வாங்கணும் மாப்ள, எது நல்லதுன்னு தெரியல" என்றேன். "எத்தன அடி மச்சான்?" என்றீர்கள். மாடியில் நான் தச்சு வேலை பார்க்கிற அறையைக் கேட்கிறீர்கள் என்று "பத்தடி" என்றேன். "உள்ள எப்படி இருக்கு?" என்றீர்கள். "ஒரே புழுதி மாப்ள, உங்க அக்கா தும்மிக்கிட்டே கெடக்கா" என்றேன். "பத்தடியிலயே புழுதியா!" என்று நீங்கள் அலறியதோடு சிக்னல் போய்விட்டது. உங்கள் ஊரில் கம்ப்ரஸர் என்றால் போர்க் கிணற்றுத் தண்ணீரை மேலே தள்ளுகிற மிஷின்தான், நீங்கள் கேட்டது போரின் ஆழம் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. பிள்ளை பெற்ற வீட்டில் தண்ணீர் இல்லையே என்று பதறிப்போய் அனுப்பிவிட்டீர்கள். அந்த மனசு யாருக்கு வரும்?

எனக்கு வேண்டியது காற்று, மாப்ள. பேரனுக்கு நானே தேக்கில் தொட்டில் செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். முப்பதாம் நாள் தொட்டிலில் போட வேண்டும். சுத்தியலால் ஒரு ஆணி அடித்தால் போதும், அவன் வீல் என்று கத்துகிறான். அவன் தூங்கினால்தானே அஸ்வினி கண்ணை மூட முடியும்? அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துவிட்டது. குக்கர் விசிலுக்குத் தடை, காலிங் பெல்லைப் பிடுங்கியாச்சு, எல்லோரும் பூனை நடைதான் நடக்கிறோம். அப்படியும் கரண்ட் போய் விசிறி நின்ற மறுநொடி முழித்துக்கொள்கிறான், புழுக்கம் போல. காற்றடித்தால் 'டப்' என்று ஒரே சத்தத்தில் ஆணி இறங்குகிற துப்பாக்கி இருக்கிறதாம். அதற்குக் காற்று கொடுக்கத்தான் கம்ப்ரஸர். அதுவும் சத்தமில்லாத கம்ப்ரஸர்.

முப்பது வருசம் கண்டக்டர் உத்தியோகத்தில் காத்துக் கதவு 'புஸ்'ஸென்று மூடுவதைக் கேட்டவன், அந்தக் காத்து எங்கிருந்து வருதுன்னு ஒரு நாளாவது யோசிச்சேனா? இப்ப யோசிக்க ஆரம்பிச்சேன், நிறுத்த முடியல. பஞ்சர் கடை கருத்தக்கண்ணன்கிட்ட போய், "ஏண்ணே, காத்தடிக்க இம்புட்டு சத்தம் எதுக்கு?"ன்னு கேட்டேன். "நீங்க விசில் ஊதாம என்னைக்காவது வண்டிய எடுத்தீகளா?"ன்னு கேட்டுப்புட்டார். கடைக்காரர் ஒருத்தர், "டேங்க் பெருசான்னு பாக்காதீங்க, நிமிசத்துக்கு எம்புட்டு காத்து விடுதுன்னு பாருங்க"ன்னார். அப்பத்தான் வெளங்குச்சு. டேங்குங்கிறது பஸ் ஸ்டாண்டு, எம்புட்டுக் கூட்டம் நிக்கும்ங்கிறதுதான் அது. நிமிசக் கணக்குங்கிறது எத்தனை பஸ் வருதுங்கிறது. ஆணிக்கு டவுன் பஸ் போதும், வார்னிஷ் பீச்சத்தான் திருவிழா ஸ்பெஷல் விடணும். எம்புட்டு அழகு பாருங்க மாப்ள!

பல் டாக்டர்கள்கிட்ட இருக்கிறது சத்தமே போடாதுன்னு ஒருத்தர் சொன்னார். உடனே தெற்குவாசல் பிருந்தா டாக்டர்கிட்ட போயி, ஆடுற பல்லைக் காரணம் சொல்லி நாற்காலியில உக்காந்தேன். "டேங்க் எத்தனை லிட்டரும்மா?"ன்னேன். "வாயத் தொறங்க"ன்னாங்க. "எண்ணெய் ஊத்தணுமாம்மா?"ன்னேன். "ஐயா, பேசாதீங்க"ன்னாங்க. கையில குறடு. கம்ப்ரஸர் பார்க்கப் போனவன் பல்லைக் குடுத்துட்டு வந்தேன். ஆனா பார்த்துட்டேன் மாப்ள! வாஷ்பேசினுக்குக் கீழ, எண்ணெய் இல்லாத கம்ப்ரஸர், தூங்குற பூனை மாதிரி உர்ர்ருன்னு கெடக்கு. அதுதான் நம்ம வீட்டுக்குன்னு முடிவு பண்ணிட்டேன். நாளைக்கு வாங்கப் போறேன்.

உங்களுடையதில் டேங்க் கிடையாது, ஆணித் துப்பாக்கிக்கு ஆகாது. ஓடவிட்டால் பழங்காநத்தம் முழுக்க முழித்துக்கொள்ளும். ஆகையால் மனத்தாங்கல் இல்லாமல் வண்டியை அனுப்பி எடுத்துக்கொள்ளவும். மாலையை மட்டும் உங்கள் அக்காள் தர மாட்டாளாம்.

தங்கச்சிக்கு ஆசிகள். உங்கள் கிணறும் போரும் வற்றாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
அருள்பாண்டி

பின்குறிப்பு: வண்டி அனுப்ப வேண்டாம். திருப்பி அனுப்பும் பொருள் ஓடுகிறதா என்று பார்க்காமல் அனுப்புவது முறையில்லையே என்று கார் ஷெட்டில் வைத்து ஸ்விட்சைப் போட்டேன். தடதடதடவென்று ஜன்னல் கம்பியெல்லாம் ஆடுது. "அடப் பாவி மனுசா!"ன்னு கரண்டியோட ஓடி வந்த உங்க அக்கா, பாதியிலேயே நின்னுட்டா. உள்ள அழுதுகிட்டிருந்த பய கப்சிப். அஞ்சு நிமிசத்துல தூங்கிட்டான், மாப்ள! நிறுத்துனேன், முழிச்சான். போட்டேன், தூங்கிட்டான். அன்னைக்கு விசிறி நின்னதும் அவன் தேடுனது காத்தை இல்ல, சத்தத்தை! அஸ்வினி மத்தியானத்துல இருந்து வாயத் தொறந்து தூங்குது, பார்க்கவே கண்ணு நெறையுது. ஸ்விட்சைத் தொட்டா கைய ஒடிப்பேன்னு உங்க அக்கா காவலுக்கு உக்காந்திருக்கா. அந்தச் சத்தத்துல நான் பழைய சுத்தியலாலயே ஆணி அடிச்சுப் பாதித் தொட்டிலை முடிச்சுட்டேன், பய அசையவே இல்ல. புது கம்ப்ரஸரும் வேணாம், துப்பாக்கியும் வேணாம். பல்லு மட்டும் போனது போனதுதான்.