பாதிச் சரிவில் ஒரு சிம்மாசனம்

கல்மேடு என்றொரு ராஜ்யம். அங்கே எல்லாமே கல். வீடு கல், கோயில் கல், ராஜாக்களின் முகம் சிலையில் எப்படியோ நேரிலும் அப்படித்தான். பட்டத்துக்கு வரும் ஒவ்வொரு ராஜாவுக்கும் முந்தின ராஜாவைவிட உயரத்தில் உட்கார வேண்டும் என்று ஆசை வரும். அதற்குக் குன்றின்மேல் கல் ஏற வேண்டும். கல் தானாக ஏறாது. ஆகவே அந்த ராஜ்யத்தில் வடம் இழுக்கிறவர்கள் இருந்தார்கள்.

குன்றின் உச்சியில் பெரிய கப்பி. வடம் அதைச் சுற்றிக் கீழே இறங்கும். ஆணும் பெண்ணும் கீழே நின்று இழுக்க, கல் சரிவில் ஏறும். கல்லுக்குப் பின்னாலேயே ஒருவர் முட்டுக்கட்டையோடு நடந்து வருவார்.

இழுக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வடத்தில் கை வைத்த யார் வேண்டுமானாலும் "நில்" என்று கத்தலாம். நேற்றுச் சேர்ந்தவராக இருந்தாலும் சரி. சொல் காதில் விழுந்ததும் எல்லோரும் குதிகாலை ஊன்றி நிற்பார்கள், பின்னால் வருகிறவர் கட்டையைச் செருகுவார். செருகி முடியும்வரை ஏன் நிறுத்தினாய் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. பிறகு கேட்கலாம். காலில் முள் குத்திவிட்டது என்று பதில் வந்தால் வாய் வலிக்கத் திட்டலாம். ஆனால் நிற்காமல் இருக்கக் கூடாது. கல்லுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார் என்பதுதான் காரணம்.

அந்த ஆள் சொரிமுத்து. அவர் மனைவி இருளாயி வடத்தின் முதல் பிடி. ஊரிலேயே பெரிய தொண்டை அவளுடையது.

கப்பிக்கு எண்ணெய் போடுகிறவர் செங்கோடன். குதிரைக்காரர்கள் சாப்பிட்ட பிறகுதான் அவருக்குச் சோறு. பெயர்கூட யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. "வே கப்பி, இங்க வாரும்" என்பார்கள், வருவார்.

செங்கோடன் கெட்டிக்காரர். ஓடையில் ஒரு சக்கரம் வைத்து, அது சுழலச் சுழலத் தானாக அடிக்கிற முரசு ஒன்று செய்தார். அதன் தாளத்துக்கு இழுத்தால் போதும், பாட்டு எடுத்துத் தொண்டை கிழிய வேண்டாம். முதலில் அவரை வாழ்த்தியவர்கள் வடம் இழுக்கிறவர்கள்தான். பொய் சொல்லக் கூடாது.

ராஜா மகிபாலர் முரசைக் கேட்டார். ஆள் இல்லாமல் அடிக்கிறதே என்று வியந்தார். செங்கோடனைச் சபைக்கு வரச் சொன்னார்.

சபையில் அவர் முதலில் தூணுக்குப் பின்னால் நின்றார். சில மாதத்தில் தூணுக்கு முன்னால் நின்றார். அப்புறம் முக்காலி வந்தது. முக்காலிக்கு முதுகு முளைத்தது, கை முளைத்தது, மெத்தை முளைத்தது. கப்பிக்காரர் என்ற பெயர் பொறிக் கண்காணி ஆயிற்று. அது வளர்ந்து தலைமைப் பொறிநாயகம் ஆயிற்று. அவர் உயர்ந்த பிறகு எண்ணெய்ச் சட்டியை யாரும் தொடவில்லை. அந்த வேலைக்கு வேறு ஆளும் போடவில்லை. கப்பி கீச்சிட ஆரம்பித்தது. அது முன்னேற்றத்தின் ஓசை என்று சபையில் விளக்கம் சொல்லப்பட்டது.

"எல்லையில் பகைவர் திரள்கிறார்கள், மன்னா" என்றார் சேனாபதி.

"பொறிநாயகத்தைக் கேளும்."

"மழை பொய்த்துவிட்டது, மன்னா" என்றார் வேளாண் அமைச்சர்.

"பொறிநாயகத்தைக் கேளும்."

மகாராணி மதியத்துக்கு என்ன சமைப்பது என்று கேட்டனுப்பினார். அதற்கும் அதே பதில் போயிற்று. மந்திரிகளுக்கு வேலை குறைந்தது, கவலை கூடியது. ஆளுக்கொரு துணைப் பொறிநாயகத்தை வைத்துக்கொண்டு கவலையைத் தீர்த்துக்கொண்டார்கள்.

ஆணைகள் வரத் தொடங்கின. முரசு களைப்பதில்லை, ஆகவே அதைக் கேட்டு இழுப்பவர்களும் களைப்பதில்லை என்றது முதல் ஆணை. தாளம் கூடியது. இரண்டாவது, தேர்தலைப் பற்றியது. ஆண்டுக்கொருமுறை இழுக்கிறவர்கள் கூடி, தங்களுக்காகச் சபையில் பேச ஒருவரைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். பொறிநாயகம் எழுந்து நின்று அறிவித்தார்:

"அன்பான குடிமக்களே! நீங்கள் வடம் இழுக்கும் விதத்திலிருந்தே யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்பதைப் பொறி கணித்துவிடும். வெயிலில் வந்து வரிசையில் நிற்கும் துன்பம் இனி உங்களுக்கு இல்லை."

அந்த ஆண்டு குடிமக்கள் பொறிநாயகத்தின் மைத்துனரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவர்களுக்கே அது மறுநாள்தான் தெரிந்தது.

மூன்றாவதாக, "நில்" சபைக்கு வந்தது.

"மன்னா, நாட்டின் வளர்ச்சிக்குத் தடையாக இருப்பது கல்லின் எடையன்று. ஒரு சொல். தகுதியில்லை, பயிற்சியில்லை, முத்திரையில்லை. வாயிருக்கிறவர்கள் எல்லாம் அதைச் சொல்கிறார்கள்" என்றார் பொறிநாயகம்.

"ஒழித்துவிடலாமா?"

"ஒழித்தால் கொடுங்கோன்மை என்பார்கள். ஒழுங்குபடுத்துவோம்."

சரிவின் ஓரமாக அரண்மனைவரை ஒரு சிவப்புக் கயிறு கட்டப்பட்டது. நிறுத்த விரும்புகிறவர் அதை இழுக்க வேண்டும். அங்கே பொறிநாயகம் இருக்கும் பொறியறையில் மணி அடிக்கும். பொறிநாயகம் பரிசீலிப்பார். நியாயமென்று தோன்றினால் அரண்மனைக் கூரையில் பச்சைக்கொடி ஏறும். கொடி கண்டால் நிற்கலாம். வாயால் கத்துவது குற்றம்.

கோடையில் ஒரு நாள், கல்லுக்கு அடியில் உருளும் உருளை மரம் ஒன்று பிளந்தது. கல் ஒருபக்கம் சாய்ந்தது. இருளாயி அதைப் பார்த்தாள். தொண்டைவரை வந்த சொல்லை விழுங்கிவிட்டு ஓடிப்போய்ச் சிவப்புக் கயிற்றை இழுத்தாள். முரசு அடித்துக்கொண்டிருந்தது. மற்றவர்கள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குள் சொரிமுத்துவின் அலறல் கேட்டு, அடங்கியும்விட்டது. பிறகு கொடி ஏறியது. நல்ல பட்டுத்துணி.

சொரிமுத்துவின் ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை. விசாரணை செய்ய ஓர் அதிகாரி குடிசைக்கு வந்தார்.

"நிறுத்தம் முறைப்படி வழங்கப்பட்டிருக்கிறது. கொடி ஏறியதற்குச் சாட்சிகள் உண்டு. உமது கால்தான் காத்திருக்கவில்லை."

"அது சின்ன வயசுலேருந்தே அவசரக் காலுங்க ஐயா" என்றார் சொரிமுத்து. "இன்னொண்ணு இருக்கு. அதுக்கு வேணா புத்தி சொல்லிட்டுப் போங்க."

அதிகாரி சிரிக்கவில்லை. கட்டை போடும் இடம் காலியாக இருக்கக் கூடாது, அதே வீட்டிலிருந்து ஒருவர் வர வேண்டும் என்ற ஆணையைப் படித்துவிட்டுப் போனார். அந்த வீட்டில் மிச்சமிருந்தது மகள் பூங்கனி. கல்யாணத்துக்குப் பேசி வைத்திருந்த பெண்.

"நீ போகாண்டாம்ட்டி" என்றாள் இருளாயி.

"நான் போகலன்னா அடுத்த வீட்டுப் புள்ளயப் புடிச்சிட்டுப் போவாவ. வடத்துல நீதானம்மா நிக்கே? எனக்கென்ன பயம்?"

சொரிமுத்துவின் கால் போனபோதும் வடத்தில் இருளாயிதான் நின்றாள்.

கோபுரம் முடிந்தது. மேலே வைக்க ஒற்றைக் கல்லில் சிம்மாசனம் செதுக்கியிருந்தார்கள், ஒரு வீட்டு உயரம். ராஜா அதில் உட்கார்ந்தபடியே மேலே போக விரும்பினார். பக்கத்தில் பொறிநாயகத்துக்கும் ஓர் இருக்கை. ஏணி வைத்து இருவரையும் ஏற்றி உட்கார வைத்து, ஏணியை எடுத்துக்கொண்டு போனார்கள். புறப்படுமுன் புது ஆணை வாசிக்கப்பட்டது: இனிப் பொறியறை வழியாக வருவது மட்டுமே ஆணை, வாயால் சொல்லப்படுவது வெறும் பேச்சு. ராஜா தலையசைத்தார். தனக்குப் பேசுகிற சிரமம் மிச்சம் என்று நினைத்துக்கொண்டார்.

முரசு அடித்தது. சிம்மாசனம் நகர்ந்தது. பின்னால் கட்டையோடு பூங்கனி.

பாதிச் சரிவில் கப்பி கீச்சிடுவதை நிறுத்தியது. அது இறுகிவிட்டது. சுற்றாத கப்பியில் வடம் உரசி உரசிப் புகைந்தது. ஒரு புரி அறுந்து பாம்புபோல் துள்ளியது. சிம்மாசனம் ஒரு சாண் பின்னால் சறுக்கியது.

"நில்! நில்!" என்று ராஜா கத்தினார்.

முரசடியில் நின்ற மேற்பார்வையாளர் நிமிர்ந்து பார்த்துவிட்டு அறிவித்தார்: "மன்னர் பேசுகிறார். ஆணையன்று. இழுங்கள்."

இருளாயியின் கைக்கெட்டும் தூரத்தில் சிவப்புக் கயிறு தொங்கியது. அவள் அதைப் பார்க்கவில்லை. கல்லுக்குப் பின்னால் தெரிந்த பாவாடை நுனியை மட்டும் பார்த்தாள்.

"நில்லூ!"

அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. ஆனால் குதிகால்களுக்கு மறக்கவில்லை. மொத்த வரிசையும் மண்ணில் ஊன்றி நின்றது. பூங்கனி குனிந்து கட்டையைச் செருகி, அடுத்த கட்டையையும் செருகி, விலகி வெளியே வந்தாள். சிம்மாசனம் ஒருமுறை முனகி, கட்டைமேல் உட்கார்ந்தது. அது உட்காரும்வரை யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

பிறகு பொறிநாயகம் கேட்டார். "யார் அது? சட்டவிரோதமாகக் கத்தியது யார்?"

"நாந்தான் கத்துனேன். இப்பம் அதுக்கென்ன?"

"இழுங்கள்! உடனே இழுங்கள்!"

இருளாயி இப்போது நிதானமாக நடந்துபோய்ச் சிவப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். தூரத்தில் மணி அடித்தது.

"விண்ணப்பம் போட்டாச்சு சாமி. நிக்கதா இழுக்கதான்னு மேலருந்து கொடி வரட்டும். சட்டத்த மீறுனா நல்லாருக்காதுல்லா?"

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். கொடி ஏறவில்லை. பரிசீலிக்க வேண்டியவர் பாதிச் சரிவில் உட்கார்ந்திருந்தார். வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "வே கப்பி, எண்ணெய் போட வந்தீரா?" என்று ஒரு குரல் வந்தது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

ராஜா மேலிருந்து குனிந்தார். "பெண்ணே, உங்கள் பழைய வழக்கத்தையே திருப்பித் தருகிறேன். என்னைக் கீழே இறக்குங்கள்."

"மன்னா" என்று பொறிநாயகம் அவர் காதருகே சொன்னார், "அது வெறும் பேச்சு. பொறியறை வழியாக வரவில்லை."

"நீரு ஒண்ணும் தராண்டாம் மகாராசா" என்றாள் இருளாயி. "நீரு குடுத்து வந்ததில்ல அது. எடுத்துக்கிட்டோம், அம்புட்டுதான்."

வடத்தின் நுனியைப் புளியமரத்தில் இறுக்கிக் கட்டினார்கள். தாகத்தில் ஆள் செத்துவிடக் கூடாது என்று இருவருக்கும் நீண்ட கொம்பில் மாட்டித் தண்ணீர்க் குடம் ஒன்றை மேலே கொடுத்தார்கள். வீட்டுக்கு நடந்தார்கள். சொரிமுத்து குடிசை வாசலில் காத்திருந்தார். மகளின் இரண்டு கால்களையும் பார்த்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"ராசா எங்கட்டி, மேல போயிட்டாரா?"

"பாதியில இருக்காரு."

"நம்ம சாதிசனம் ஆயிட்டாருன்னு சொல்லு."

சபை கூடியது. ஏணி கேட்டுப் பொறியறைக்கு முறைப்படி விண்ணப்பம் போனது. பதில் இல்லை. மந்திரிகள் தினமும் சரிவில் ஏறி, சிம்மாசனத்தை அண்ணாந்து வணங்கி, இறங்கினார்கள். முரசை நிறுத்தும் விதம் ஒருவருக்கும் தெரியாததால் அது அடித்துக்கொண்டே இருந்தது. இழுக்க ஆளில்லை, ஆனாலும் தாளம் குறையவில்லை என்பதால் பணி முழு வேகத்தில் நடப்பதாகச் சபை அறிவித்தது.

அக்கம்பக்கத்து ராஜாக்கள் தூதர்களை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார்கள். தூதர்கள் சிம்மாசனத்தின் பளபளப்பையும் முரசின் ஓயாத ஒலியையும் கண்டு போய்ச் சொன்னார்கள். ஒவ்வொரு ராஜ்யத்திலும் தூணுக்குப் பின்னால் நின்ற ஒருவருக்கு முக்காலி வந்தது. அங்கெல்லாம் பட்டப்பெயர் இன்னும் நீளம்.

கல்மேட்டுக்காரர்கள் இப்போது ஊர் ஊராகப் போய் இழுக்கிறார்கள். வேலைக்குப் பஞ்சமில்லை, உயரமாக உட்கார விரும்புகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். பூங்கனி இப்போது வடத்தின் முதல் பிடி. தொண்டை தாயுடையது. எந்த ஊருக்குப் போனாலும், வடத்தில் கை வைக்கும் முன் அவள் ஒன்றே ஒன்று கேட்பாள்: "இங்க நில்லுன்னு யாரு சொல்லணும்?"

மேலிருந்து கொடி வரும் என்று பதில் வந்தால், கைத்துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவாள். மொத்த வரிசையும் பின்னால் நடக்கும்.

போன வாரம் நம் ஊருக்கும் வந்திருக்கிறாள். வாசலில் நின்று கேட்டுவிட்டாள். இன்னும் நிற்கிறாள், பதிலுக்காக.