பார்ட்ஸ் மாமாவும் நாலு கோட்டுச் சாமானும்

ஓடிக்கொண்டிருக்கிற எந்த யந்திரத்தையும் நிறுத்திக் காட்டக்கூடிய ஒரே மனிதர், எங்கள் மாதுங்கா மெஸ்ஸில் இருந்த பார்ட்ஸ் மாமாதான். வேலை என்னவோ இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா. பைத்தியம் மட்டும் உதிரி பாகங்களில். எதையும் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் இன்னதென்று சொல்லுவார். ஒருமுறை என் சட்டைப் பித்தானை ரேடியோ கண்டென்ஸர் என்று சாதித்தார்.

அறுபதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் அறைவாசி ராமநாதனின் மனைவி, மதராஸ் வானொலியில் முதல் தடவையாகப் பாடப்போகிறாள். பம்பாயில் வீடு கிடைக்காமல், கல்யாணமான கையோடு அவளைப் பிறந்தகத்தில் விட்டுவிட்டு வந்தவன் அவன். பாட்டு நாலு மணிக்கு. காலையிலிருந்தே மெஸ் ரேடியோவைத் துடைத்துக்கொண்டிருந்தான், பாவம்.

சாப்பாடு முடிந்ததும் பார்ட்ஸ் மாமா ரேடியோ மேஜைக்கடியிலிருந்து எதையோ பொறுக்கினார். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசு. உடம்பில் நாலு வண்ணக் கோடு, இரண்டு பக்கமும் கம்பி. நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

"டேய், இது ரேடியோவோட உயிர்நாடிடா! கழண்டு விழுந்திருக்கு!"

"உயிர்நாடி கீழே கிடக்கறச்சே அது எப்படி மாமா பாடிண்டிருக்கு?" என்றேன்.

"அதாண்டா ஆபத்து!"

ராமநாதன் குறுக்கே விழுவதற்குள் ரேடியோவைத் திறந்துவிட்டார். உள்ளே அந்தச் சாமானுக்கு இடம் இல்லை. இடம் பண்ணுவதற்காக வேறு சிலவற்றைக் கழற்றினார். நாலு மணி நெருங்கும்போது, ரேடியோ காயப்போட்ட வடாம் மாதிரி மேஜை பூராவும் பரந்து கிடந்தது.

எலக்ட்ரானிக்ஸ் மாலை வகுப்புக்குப் போகும் எங்கள் மணி அப்போதுதான் தூங்கி எழுந்து வந்தான். "அட, என் ரெஸிஸ்டர்! பையிலேர்ந்து விழுந்துடுத்து போலிருக்கு. ஏன் ஈரமாயிருக்கு?" என்று துடைத்து எடுத்துக்கொண்டு போனான்.

ராமநாதன் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான்.

"எழுந்திருடா!" மாமா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருக்கோடி இரானி ஹோட்டலுக்கு ஓடினார். பின்னால் நான். அங்கே ரேடியோவில் ஹிந்திப் பாட்டு. மாமாவைக் கண்டதும் கல்லாவிலிருந்த இரானி எழுந்து ரேடியோவை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

"சேட், மதராஸ் லகாவ்!" என்று கெஞ்சினார் மாமா. மதராஸ் போட்டால் ஆயுசுக்கும் இந்த ரேடியோவைத் தொடமாட்டேன் என்று தமக்குத் தெரிந்த ஹிந்தியில் சத்தியமும் செய்தார். இரானி மறு பேச்சில்லாமல் முள்ளைத் திருப்பினார்.

கரகரப்புக்கு நடுவே அவள் குரல் வந்தது. யாராவது கப்பைச் சத்தமாக வைத்தால்கூட மாமா ஓடிப்போய் "ஷ்!" என்றார். ராமநாதனின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டேயிருந்தது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

"ஸ்ருதி சுத்தம்டா" என்றார் மாமா, பாட்டு முடிந்ததும்.

அவரைத் திட்டுவதற்கென்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்தவன் நான். அதையெல்லாம் விட்டுவிட்டு, வெண்ணெய் தடவிய பன் மஸ்கா ஒன்று வாங்கி, அந்த மனுஷர் கையில் வைத்தேன்.