சுபேதாரும் மாமனாரின் பட்டுக்கரை வேட்டியும்

மாமனார் வீட்டில் நல்ல பெயர் எடுக்க ஆசைப்படும் மாப்பிள்ளை முதலில் பழக வேண்டிய வித்தை, சும்மா இருப்பது. எனக்கு அது இன்றுவரை கைவரவில்லை. கைவந்திருந்தால் புனேயின் வானவடியில், ஒரு அபார்ட்மெண்ட் சொசைட்டியே வேடிக்கை பார்க்க, மாமனாரின் வேட்டிக்குள் சுருண்டு கிடந்து மாடிப்படி இறங்கியிருக்க மாட்டேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் கோயம்புத்தூர்க்காரன். புனேயில் கராடிப் பக்கம் கம்ப்யூட்டர் வேலை. மனைவி வித்யா புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் வளர்த்த லாப்ரடார் நாய்க்கும் ராணுவப் பதவிப் பெயர்தான், சுபேதார். (வாட்ச்மேன்கள் 'சுபேதார் சாப்' என்பார்கள். எனக்கு அந்த 'சாப்' மரியாதை ஒருநாளும் கிடைத்ததில்லை.)

சென்னையில் வித்யாவின் சித்தி மகளுக்குக் கல்யாணம். குடும்பமே கிளம்பியது. எனக்கு ஆபீஸில் லீவு இல்லை. சுபேதாருக்கோ பதிமூன்று வயது, இடுப்பு மூட்டு தேய்ந்து பின்னங்கால்கள் தொய்ந்துவிட்டன. ரயிலில் கொண்டுபோக முடியாது. ஆகவே மாமனார் வீட்டில் நாங்கள் இருவரும் வீட்டுக்காவல்.

"மாப்பிள்ளை, முன்னங்கால் ரெண்டும் இன்னும் சர்வீஸ்ல இருக்கு. பின்னங்கால் ரெண்டும் பென்ஷன் வாங்கியாச்சு," என்றார் மாமா. "எந்திரிக்கறப்போ வயித்துக்கு அடியில துண்டைக் குடுத்து லேசாத் தூக்குங்க. மாத்திரையை நெய்யில தோய்ச்சுக் குடுங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

முதல் நாள் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்தபடி முழுக்கப் பயந்துகொண்டே இருந்தேன். வயதான நாய் தூங்கினால் தூங்குகிறதா, போய்விட்டதா என்றே தெரியாது. சற்று நேரத்துக்கு ஒருமுறை மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சுபேதார் ஒற்றைக் கண்ணைத் திறந்து, 'இன்னும் இல்லப்பா, போய் வேலையைப் பாரு' என்பதுபோல மூடிக்கொண்டான்.

மறுநாள் சனிக்கிழமை. வீட்டை நோட்டம் விட்டேன். மாமா பழைய யோகா மேட்டுகளை வெட்டி, படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, அங்கிருந்து வாசல் வரை, ரோடு போட்டதுபோல விரித்திருந்தார். அவற்றில் முடி, எச்சில், மழைச்சேறு எல்லாம் கலந்து ஒரு வாசனை. கல்யாணத்திலிருந்து மாமியார் திரும்பி வந்து பார்த்து, 'அடேயப்பா, மாப்பிள்ளை வீட்டைக் கண்ணாடி மாதிரி வச்சிருக்காரே' என்று சொல்வதாகக் கற்பனை செய்தேன். அத்தனை மேட்டுகளையும் உருவித் துவைத்து பால்கனியில் தொங்கவிட்டு, தரையை இரண்டு முறை துடைத்தேன். முகம் தெரிந்தது.

வெளியே புனே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மேட்டுகள் காயவே இல்லை.

ஞாயிறு காலை சுபேதார் எழுந்திருக்கவில்லை.

முயன்றான். முன்னங்கால்கள் இரண்டும் ஆளுக்கொரு திசையில் விலகின. பொத்தென்று விழுந்தான். துண்டைக் கொடுத்துத் தூக்கினேன். நான்கு கால்களும் பரப்பிக்கொண்டு, மறுபடி பொத். மூன்றாவது தடவை அவன் முயலவே இல்லை. உடம்பு லேசாக நடுங்கியது. மோவாயைத் தரையில் வைத்து என்னைப் பார்த்தான்.

இணையத்தில் தேடினேன். (தேடியிருக்கக் கூடாது.) முதலில் வந்தது பக்கவாதம். அடுத்தது முதுகுத்தண்டு. அதற்கடுத்தது, செல்லப் பிராணியின் பிரிவைத் தாங்குவது எப்படி. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். 'மாமா, கல்யாணம் நல்லபடியா நடந்துதுங்களா? சாப்பாடெல்லாம் எப்படீங்க? அப்புறம்...' அந்த 'அப்புறம்' வந்ததும் மறுபடி கல்யாணத்திலிருந்தே தொடங்கினேன். சுபேதாரை என்னிடம் விட்டுப்போக அவர் யோசித்த அளவு, தன் பெண்ணைக் கொடுக்கக்கூட யோசித்திருக்க மாட்டார்.

வித்யாவைக் கூப்பிட்டேன். முகூர்த்த நேரம். போனை எடுத்ததும் நாதஸ்வரம்தான் முதலில் பேசியது.

"வித்யா, சுபேதார் எந்திரிக்க மாட்டேங்கறான்!"

"என்னது? சத்தமா சொல்லு!"

"எந்திரிக்க மாட்டேங்கறான்! காலெல்லாம் பரத்திக்கிட்டு விழறான்!"

"சாப்பிட்டானா?"

"படுத்துக்கிட்டே சாப்பிட்டான்!"

"அப்ப ஒண்ணும் இருக்காது. நீ..." அதற்குள் யாரோ "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கத்தினார்கள். தவில் இடித்தது. அந்த இடிக்கு நடுவே வித்யா அடித்தொண்டையில் கத்தினாள். எனக்குக் கேட்டது இதுதான்: "வேட்டிய எடுத்தியா? வேட்டியப் போடு மொதல்ல!"

போன் கட்டாகிவிட்டது.

அந்த நிமிடத்தில் என் மனைவியின் அறிவை எண்ணிப் பெருமிதமே ஏற்பட்டது. துண்டு சின்னது, வேட்டி பெரியது. வேட்டியைப் போட்டு ஸ்ட்ரெச்சர் மாதிரித் தூக்கு என்கிறாள்! மாமாவின் பீரோவைத் திறந்தேன். மேலே இருந்தது ஒரு பட்டுக்கரை எட்டு முழம். உயிரா, கரையா? உயிர்தான்.

மாமா வழக்கமாகப் போகும் கால்நடை டாக்டருக்குப் போன் செய்தேன். "உடனே கொண்டு வாங்க," என்றார்கள். கார் ஒன்றை வரச்சொல்லிவிட்டு வெளியே வந்தால் கரண்ட் இல்லை. லிப்ட் இல்லை. நாங்கள் மூன்றாவது மாடி. வாட்ச்மேன் காம்ப்ளேயைக் கூப்பிட்டேன். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே ஓடி வந்தார்.

"சுபேதார் சாப் கோ க்யா ஹுவா?"

என்ன ஆச்சு என்று விளக்க என் இந்திக்குத் திராணி இல்லை. "சீரியஸ்," என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது.

வேட்டியின் ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் பிடித்தோம். முப்பத்தைந்து கிலோ நாய். நான் பின்னால் குனிந்தபடியே இறங்கினேன். இரண்டாம் மாடியில் ஜோஷி வீட்டம்மா, எல்லோருக்கும் 'ஜோஷி காக்கூ', கதவைத் திறந்து, தூளியில் கிடந்த சுபேதாரைப் பார்த்து, "அரே தேவா!" என்று நெஞ்சில் கை வைத்தார். பிறகு அவரும் பின்னாலேயே வந்தார். மேலும் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் ஊர்வலத்துக்குச் சங்கு ஒன்றுதான் பாக்கி.

முதல் மாடித் திருப்பத்தில் என் இடுப்பில் 'சடக்'கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். உலகம் வெள்ளையாகிவிட்டது. வேட்டியை விட்டேன். "அம்மா!" என்று அலறிக்கொண்டு சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தேன்.

சுபேதார் வேட்டியிலிருந்து வழுக்கி இறங்கினான். அந்தப் படிக்கட்டுத் தளம் சொரசொரப்பான கல். அதில் நகம் பதித்தான். முன்னங்கால்களை ஊன்றினான். பின்பக்கம் ஒருமுறை ஆடியது. எழுந்து நின்றான். உடம்பை உதறினான். என்னிடம் வந்து என் முகத்தை ஒரு முறை முழுதாக நக்கினான்.

"சுபேதார் சாப் டீக் ஹை!" என்று காம்ப்ளே கூவினார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்திருக்க முயன்றேன். முடியவில்லை. மறுபடி முயன்றேன். கால்கள் ஆளுக்கொரு திசையில் போயின.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அந்த வேட்டியிலேயே என்னைக் கிடத்தினார்கள். ஆளுக்கொரு மூலை பிடித்தார்கள். முன்னால் ஜோஷி காக்கூ துண்டால் தாங்கிப் பிடிக்க, சுபேதார் ஒவ்வொரு படியாக நிதானமாக இறங்கினான். காரில் என்னைப் பின்சீட்டில் படுக்கவைத்தார்கள், அவன் முன்சீட்டில் காம்ப்ளேயின் காலடியில். முதலில் எனக்கு ஆஸ்பத்திரி என்றோம்; டிரைவர், புக் செய்த இடத்துக்குத்தான் போவேன் என்றார். போனார்.

கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா எங்களை மாறி மாறிப் பார்த்து, "பேஷண்ட் யாரு?" என்று இந்தியில் கேட்டார். காம்ப்ளே சங்கடத்தோடு இருவரையும் காட்டினார்.

அங்கே தரையில் ரப்பர் விரிப்பு. சுபேதார் அதில் நடந்துபோய் பிஸ்கட் வாங்கித் தின்றுவிட்டு வந்தான். மூட்டை அழுத்திப் பார்த்தார்கள். போன மாதம் எப்படியோ இந்த மாதமும் அப்படியே.

"வீட்டுல தரையில ஏதாவது மாத்தினீங்களா?"

பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்தபடி நான் அரைகுறை இந்தியில் மேட்டுகளைப் பற்றிச் சொன்னேன்.

"பளபளன்னு துடைச்ச டைல்ஸ் இவங்களுக்குப் பனிக்கட்டி மாதிரி," என்றார் அவர். "பின்னங்கால்ல பலம் இல்ல, முன்னங்காலுக்குப் பிடிமானம் இல்ல. ரெண்டு தடவை விழுந்தா பயந்து மூணாவது தடவை முயற்சியே பண்ண மாட்டாங்க. அவனுக்கு நோய் இல்ல, பயம்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டுமே இடுப்பில் வலித்தது. "டாக்டர், எனக்கு ஏதாவது..." என்று இழுத்தேன்.

"உங்களைத் தொட எனக்கு அனுமதி இல்ல. ஆனா இவனுக்குச் சொல்றதைக் கேட்டுக்கங்க. வெந்நீர் ஒத்தடம், மாடி ஏறக் கூடாது, எடை குறைக்கணும்." எதிர் பெஞ்சில் பூனையோடு இருந்த ஒரு அம்மாள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டார்.

சாயங்காலம் வித்யா போனில் கத்தினாள். "அரே, மேட்ட எடுத்தியான்னு கேட்டேன்! மேட்டப் போடுன்னு சொன்னேன்! வேட்டியை எவன் கேட்டான்?"

இரண்டு நாள் கழித்து மாமா வந்தபோது நான் ஹாலில், ஈரம் போகாத யோகா மேட்டில் மல்லாந்து கிடந்தேன். பக்கத்தில் சுபேதார். மாமா தன் பட்டுக்கரை வேட்டியைக் கையில் எடுத்து, அதில் ஒட்டியிருந்த நாய்முடியையும் படிக்கட்டுச் சேற்றையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னருகே உட்கார்ந்தார். "எம் பையனுக்காக இதை எடுத்தீங்களா?" என்று கேட்டு, என் தோளில் ஒரு தட்டு தட்டினார். (அந்தத் தட்டு நேராக இடுப்புக்குப் போனது. அதைச் சொல்லவில்லை.)

அடுத்த பத்து நாள் எங்கள் இருவரையும் அவர்தான் வாக்கிங் கூட்டிப்போனார். இருவருக்கும் ஒரே வேகம்.

சுபேதார் அதன்பின் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தான். ஆனால் என் இடுப்பைப் பற்றி அவனுக்கு நிரந்தரமான கவலை வந்துவிட்டது. நான் தரையிலிருந்து எழும்போது வாயிலிருந்து தானாக ஒரு "அம்மாடி" வரும். அது கேட்டதும் எந்த மூலையிலிருந்தாலும் தள்ளாடி வந்து, என் தொடையில் சாய்ந்து, நான் நிமிரும்வரை நிற்பான்.

இப்போது அவன் இல்லை. "அம்மாடி" மட்டும் இருக்கிறது. விசேஷ வீடுகளில் சாப்பிட்டுவிட்டுப் பாயிலிருந்து எழும்போது அது வெளியே வந்தால் போதும், மாமா பந்தி முழுக்கக் கேட்கும்படி சொல்வார்: "மாப்பிள்ளை, சுபேதார் டூட்டியில இல்ல. நீங்களாத்தான் எந்திரிக்கணும்."

எல்லோரும் சிரிப்பார்கள். மாமாவும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே கையை நீட்டுவார்.