டென்மார்க் டின்னும் ஊர்ப்பேர் அண்ணாச்சியும்

ஒரு போண்டாவைக்கூட நிம்மதியாகத் தின்னவிடாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். எழுபதுகளில், குவைத்தின் ஃபஹாஹீலில், அவர் என் ரூம்மேட்டாக வந்து வாய்த்தார். ஊர்ப்பேர் அண்ணாச்சி என்றால்தான் யாருக்கும் தெரியும்.

லீவு நாளில் ஆசையாக மைசூர் போண்டா போட்டால், ஒன்றை எடுத்து உருட்டி உருட்டிப் பார்ப்பார்.

"இதை மைசூர்ல வச்சா போட்டீரு?"

"இல்ல அண்ணாச்சி, இந்த ஸ்டவ்லதான்."

"அப்போ ஃபஹாஹீல் போண்டான்னு சொல்லும்வே."

சொன்னால்தான் தின்பார். நாங்களும் சொல்லித் தொலைப்போம். திருநெல்வேலிக்காரர். எவனெவனோ கிண்டிய அல்வா பஸ் ஸ்டாண்டுக்கு பஸ் ஸ்டாண்டு தன் ஊர்ப் பெயரில் விற்பதைப் பார்த்து வெந்துபோனவர்.

அப்படிப்பட்டவருக்கு, கோல்டு ஸ்டோர் என்று அங்கே சொல்லும் மளிகைக் கடை ஒன்றின் சீஸ் கவுண்டரில் வேலை. சீஸை வாயில் வைத்ததே இல்லை. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டுதான் வெட்டுவார். கடைக்கு வரும் கிரேக்க இன்ஜினியர் ஒருவர், ஃபெட்டா என்பது தங்கள் நாட்டு சீஸ், டென்மார்க்காரர்கள் அந்தப் பெயரில் விற்கிறார்கள் என்று ஒருநாள் புலம்ப, அண்ணாச்சிக்கு அல்வா ஞாபகம் வந்துவிட்டது. அன்றே தன் கவுண்டரில் டென்மார்க் டின்கள்மேல் இருந்த ஃபெட்டா போர்டை எடுத்துவிட்டு, 'டென்மார்க் வெள்ளை சீஸ்' என்று எழுதி வைத்தார். கேட்டு வந்தவர்களிடம் "ஃபெட்டா மாஃபி" என்று கைவிரித்தார். வியாபாரம் படுத்துவிட்டது.

மேனேஜர் பாலஸ்தீனத்து நாபுலஸ்காரர். நல்ல மனிதர், குரல்தான் இடி. நாளைக் காலை ஃபெட்டா போர்டு வைக்காவிட்டால் கலாஸ், வேலை முடிந்தது, விசா கொடுத்த கஃபீலிடம் சொல்லி ஊருக்கு ஏற்றிவிடுவேன் என்றார். அண்ணாச்சியின் தங்கைக்கு அப்போதுதான் கல்யாணம் பேசி முடித்திருந்தது. "எழுதித் தொலைங்க அண்ணாச்சி" என்று கெஞ்சினோம். அவர் போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எனக்கு டூட்டி இல்லை. பயத்தில் கடைக்கு ஓடினேன். டென்மார்க் டின்கள் இரண்டு அடுக்காக நின்றன. ஒன்றின்மேல் 'ஃபெட்டா' என்று அட்டை போர்டு. இன்னொன்றின்மேல் 'நாபுல்சி'. நாபுல்சி என்பது மேனேஜரின் சொந்த ஊர் சீஸ்!

மேனேஜர் வந்தார். பார்த்தார். கடை அதிர்ந்தது.

"எவன் எழுதினான் இதை? நாபுல்சி எங்கம்மா கையால் போடுவது! இந்த டின்னுக்கா அந்தப் பேர்?"

அண்ணாச்சி கைக்குட்டையை அவிழ்த்தார். அரபியும் இந்தியும் இங்கிலீஷும் கலந்து அவர் சொன்னதைத் தமிழில் சொல்வதானால்: "ரெண்டுலயும் ஒரே சரக்குதான் சார். கிரேக்கன் பேரை வைக்கலாம்னா, ஒங்க ஊர்ப் பேரையும் வைக்கலாம்லா?"

மேனேஜர் அவரையே முறைத்தார். திடீரென்று வயிறு குலுங்கச் சிரித்தவர், இரண்டு போர்டையும் கிழித்துப் போட்டார்.

"யல்லா, உன் டென்மார்க் போர்டையே வை. வந்தவங்களுக்கு ஒரு துண்டு தின்னக் கொடு, வாங்குவாங்க."

போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. அன்று சாயங்காலம் ரூமில் கோதுமை அல்வா கிண்டினோம். முதல் கரண்டி அண்ணாச்சிக்கு.

"ஃபஹாஹீல் அல்வா, அண்ணாச்சி" என்றேன், உஷாராக.

வாயில் போட்டார். கண் கலங்கிவிட்டது.

"இன்னைக்கு ஒரு நாளைக்குத் திருநெல்வேலி அல்வான்னே சொல்லும்வே."

அவர் எங்களை விட்டுப் போகவில்லை என்ற சந்தோஷத்தில், அந்தப் பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.