நீளப்பாட்டு அண்ணாச்சியின் கச்சேரி

சிவகாசிக்கென்று கடவுள் ஒதுக்கிய பொறுமை முழுவதையும் நீளப்பாட்டு அண்ணாச்சி ஒருவரே மொத்தமாகக் கொள்முதல் செய்துவிட்டார். நான் பிழை திருத்திய அச்சகத்தில் அவர் ஆப்செட் மிஷின் ஓட்டினார். ஒரு லோடு பட்டாசு லேபிள் அடித்து முடியும். அவர் டேப்பில் ஓடுகிற இங்கிலீஷ் பாட்டு முடியாது. நடுவில் சத்தம் நின்றால் நாங்கள் "அப்பாடா!" என்போம். உடனே மை அப்பிய கை உயரும்.

"ஏலே, பொறு. இன்னும் முடியல."

"தாளமே பிடிபடலையே அண்ணாச்சி?"

"நம்ம மிஷினு மட்டும் ஒழுங்காவா தட்டுது? அதோட குடித்தனம் பண்ணலியா?"

அந்த மாதிரிப் பாட்டை ஒருதரமாவது நேரில் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் மனுஷனுக்கு ஆசை. பெங்களூரிலிருந்து நாலு சடைமுடிப் பையன்கள் தங்கள் சிடிக்கு அட்டை அச்சடிக்க வந்தார்கள். அண்ணாச்சி கேட்கிற அதே நீளப்பாட்டு ஜாதியான புராக்ரசிவ் ராக் வாசிக்கிறவர்கள் என்று தெரிந்ததும் அண்ணாச்சி மிஷினையே நிறுத்திவிட்டார். அதுவும் தீபாவளி சீசனில்!

"தம்பிகளா, ஒரு சாயங்காலம் இங்கன வாசிச்சிட்டுப் போங்க."

கல்யாண மண்டபத்துப் பந்தி ஹால்தான் அரங்கம். அச்சகத்து ஆட்களும், பட்டாசு கம்பெனிக்குப் போகிற எங்கள் வீட்டுப் பெண்களுமாக ஹால் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் சலவைச் சட்டையோடு அண்ணாச்சி. கிதார் ஓர் இழுப்பு இழுத்தது. மேடைப் பெட்டி ஒன்றிலிருந்து புஸ்ஸென்று வெள்ளைப் புகை கிளம்பியது.

போச்சு! எங்கள் ஊரில் புகையைக் கண்டால் முதலில் ஓடுவோம், பிறகுதான் என்னவென்று கேட்போம். யாரையும் இடிக்காமல், செருப்பைத் தேடாமல், கண் மூடித் திறப்பதற்குள் மொத்தக் கூட்டமும் எதிர்ப்பொட்டலில் நின்றது. நானும்தான்.

வாசலுக்கு வந்த பையன்களின் முகம் செத்துப்போயிருந்தது. "எங்க பாட்டு பிடிக்கலை போல" என்று ஒருவன் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான். அவனைத் தாண்டி, புகைப்பெட்டியை மார்போடு அணைத்தபடி அண்ணாச்சி வந்தார். பொட்டல் நடுவில் வைத்து, மிச்சப் புகைக்குள் தலையை நீட்டினார்.

"பாருங்க, வெடிமருந்துமில்ல மாயமுமில்ல. சும்மா கூத்துக்கு விடுற புகை! உள்ள வாங்கய்யா, அம்புட்டுப் பேரும் வாங்க. இத விட்டா எனக்கு எப்ப வாய்க்கும்?"

அவர் மனைவி முன்னால் வந்தார். திரி செருகுகிற வேலை அவருக்கு. "அந்தப் பெட்டி இங்கனயே கெடக்கட்டும். நான் வாரேன்" என்று உள்ளே நடந்தார். பின்னாலேயே ஊரும் போனது.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்படியொரு வாசிப்பை நான் கேட்டதில்லை. கிதார்க்காரன் விரல் போன வேகத்தைத் திரி செருகுகிற பெண்களே வாயைப் பிளந்து பார்த்தார்கள். நடுவில் சட்டென்று எல்லாம் நின்றது. தட்டுவதற்குக் கையைத் தூக்கினோம். முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. தூக்கிய கைகளை அப்படியே நிறுத்திக்கொண்டோம். பிறகு நாலு பேரும் ஒரே அடியாகச் சேர்ந்து எடுத்தார்கள் பாருங்கள்! அண்ணாச்சியின் கன்னமெல்லாம் ஈரம். துடைத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

அண்ணாச்சி போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. இன்றைக்கும் எந்தப் பாட்டு நடுவில் நின்றாலும் நான் கை தட்டுவதில்லை. அவர் கையை இறக்கட்டும் என்று பொறுத்திருக்கிறேன்.