விசிலடிக்கும் வண்டி

மலைப்பாதையின் இரண்டாவது வளைவில் வண்டி விசிலடித்தது. கோதண்டம் கண்ணாடியில் பார்த்து, பின்னால் வந்த பஸ்ஸின் கண்டக்டரை முறைத்தார். அடுத்த வளைவில் மறுபடியும் விசில். இந்த முறை பின்னால் பஸ்ஸே இல்லை.

"யாரு கௌரி விசிலடிக்கிறது?"

"உங்க வண்டிதாங்க," என்றாள் மனைவி கௌரியம்மாள். "யாரப் பாத்து அடிக்குதுன்னுதான் தெரியல."

விசிலோடு போயிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பார். வண்டி ஏறவும் இல்லை. மிதிக்க மிதிக்க என்ஜின் ஆவேசமாகச் சத்தம் போட்டதே தவிர, சக்கரத்தில் ஒரு முன்னேற்றமும் காணோம். அவருக்குத் தங்கள் சங்கத்தின் பொதுக்குழு ஞாபகம் வந்தது. பின்னால் நீலமாகப் புகை. இரண்டு பக்கமும் ஆள் தொங்கிய ஷேர் ஆட்டோ ஒன்று அவர்களை முந்திக்கொண்டு போனது. அதையாவது மன்னிக்கலாம். அடுத்ததாகப் பால்குடம் தூக்கிக்கொண்டு நடந்து வந்தவர்களும் முந்தினார்கள்.

"நாலு சக்கரமும் இழுக்கும்னு சொன்னீங்களே?"

"மலை செங்குத்தா இருக்குதுடி."

"போன மாசம் வந்தப்போ படுத்துகினா இருந்துச்சு?"

கோதண்டம் கியரைக் குறைத்து இன்னும் அழுத்தி மிதித்தார். நாளைக் காலை இந்த வண்டியில்தான் சம்பந்தி வீட்டாரை மலைக்கு அழைத்துப்போக வேண்டும். மகள் யுவஸ்ரீக்குப் பள்ளிப்பட்டில் வரன் கூடியிருந்தது. முருகன் சன்னதியில் தட்டு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. தட்டு மாற்றும்வரை எதுவும் நிச்சயம் இல்லை. இதற்கு முன் வந்த வரன், கேசரியில் முந்திரி குறைவு என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனதுதான், திரும்பவே இல்லை.

ஆர்.கே.பேட்டைப் பக்கம் கரும்பும் மாந்தோப்பும் வைத்துக்கொண்டு, திருத்தணியில் மாடி வீடு கட்டிக்கொண்டவர் கோதண்டம். வண்டியின் பின் கண்ணாடியில் 'துணைச் செயலாளர், கரும்பு விவசாயிகள் சங்கம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதற்கு முன்னால் உள்ள 'முன்னாள்' மட்டும் எறும்பு அளவுக்கு. வண்டியின் கதையும் அப்படித்தான். அரக்கோணத்துப் புரோக்கர் தணிகைமணி தலையில் கட்டிய பழைய டீசல் ஜீப்பை, ஷோரூமிலிருந்து நேராக ஓட்டி வந்ததாக ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். சாவி வாங்கும்போது ஷோரூம்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்பது சம்பந்திக்காகத் தனியாகச் சேர்த்தது. முன்னால் வைத்திருந்தவர் யார் என்று புரோக்கரை அவர் கேட்கவே இல்லை. கேட்டால் பழைய வண்டி என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே.

அன்று காலைதான் வண்டியின் முன்னால் சாய்ந்து நின்று படம் எடுத்து, 'நாளை நம் பயணம் இதில்தான்' என்று சம்பந்தி பங்காருவுக்கு அனுப்பியிருந்தார். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. பதில் மட்டும் வரவில்லை.

பாதி மலையில் வண்டியைத் திருப்பி, இறக்கத்தின் புண்ணியத்தில் அரக்கோணம் ரோட்டு டில்லிபாபு ஷெட்டுக்கு வந்து சேர்ந்தார். டில்லிபாபுவை மெக்கானிக் என்று சொன்னால் கோபம் வரும். டீசல் ஸ்பெஷலிஸ்ட் என்று போர்டு மாட்டியிருந்தான். பானெட் வழக்கம்போல் மாட்டிக்கொள்ள, டில்லிபாபுவும் ஒரு கடப்பாரையும் சேர்ந்து அதைத் திறந்தார்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை என்ஜின் மேலும் மறு முனையைக் காதிலும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"மூச்சு வாங்குது தலைவரே."

"ஃபில்டரத் தொடச்சி உடு."

"இது தொடைக்கிற நோவு இல்ல." பெரிய ரப்பர் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டு எடுத்தான். விரலெல்லாம் ஆயில். உள்ளே இருந்த சின்ன விசிறியைப் பிடித்து அசைத்தான். அது விழப்போகும் பல் மாதிரி ஆடியது. "டர்போ போச்சு."

"டர்போன்னா?" என்று கேட்டுவிட்டுக் கோதண்டம் நாக்கைக் கடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுதான்னு பாக்கறேன்."

"வெளிய போற புகை வேகத்துல இந்த விசிறி சுத்தும். சுத்தி, என்ஜினுக்குள்ள காத்தத் தள்ளும். அந்தக் காத்துலதான் உங்க வண்டி மலை ஏறுது. இப்ப பேரிங் தேஞ்சு, ஆயிலு ஒழுகி உள்ள போய்கினு இருக்குது. மெட்ராஸ்லருந்து புதுசு வரணும். ரெண்டு நாளாவும்."

"நாளைக்குச் சம்மந்தி வராருடா!"

"அவர ரெண்டு நாள் தள்ளி வரச் சொல்லுங்க."

"ஒரே ஒரு தடவ ஏறி எறங்கினா?"

டில்லிபாபு பெரிய டாக்டர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டான். "ஏறும். ஆனா ஒண்ணு சொல்றேன், நல்லாக் கேட்டுக்கோங்க. ஒழுகிற ஆயிலக் குடிச்சே என்ஜின் ஓட ஆரம்பிச்சிடும். டீசலே வேணாம். சாவிய எடுத்தாலும் நிக்காது. அப்ப இன்னா பண்ணணும்னா..."

கோதண்டத்தின் போன் சிணுங்கியது. பங்காரு.

'பஸ்ஸில் போய்விடலாமே பாவா.'

பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தெலுங்கில் பாவா என்றால் மச்சான். முறையெல்லாம் சரிதான். செய்தியை மூன்று முறை படித்தார். பஸ்ஸா? இவ்வளவு பெரிய வண்டியின் படத்தைப் பார்த்தபின் பஸ்ஸா? ஏதோ சரியில்லை. பெண்ணைப் பற்றி யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா?

"...அவ்ளோதான், நின்னுடும். புரிஞ்சுதா?" என்றான் டில்லிபாபு.

"ஆங், ஆங். எனக்கேவா சொல்ற?"

வீட்டுக்கு வந்து, 'நான் இருக்கும்போது நீங்கள் பஸ்ஸில் போவதா!' என்று பதில் போட்டார். 'படியேறினால் புண்ணியம்' என்று வந்தது. 'தங்கைக்கு முட்டி வலி என்றீர்களே' என்று பங்காருவின் மனைவியைச் சொல்லி இவர் மடக்கினார். 'வலி சரியாகிவிட்டது' என்று வந்தது.

"இந்தச் சம்மந்தம் வேணாம்னு நாசூக்கா சொல்றாங்களோ?" என்றாள் கௌரியம்மாள். கண் கலங்கிவிட்டது. "யுவஸ்ரீ அந்தப் பையன் போட்டோவ வெச்சிகினு சிரிச்சிகினு கெடக்குதுங்க."

கோதண்டம் பங்காருவின் செய்திகளை மறுபடி முதலிலிருந்து படித்துப் பார்த்தார். ஆனாலும் அவர் முன்னாள் துணைச் செயலாளர். "எல்லாத்துக்கும் வழி இருக்குது," என்றார்.

விசிலுக்கு வழி, ஸ்பீக்கரில் முருகன் பாட்டு. புகைக்கு வழி, முன் சீட்டருகே சாம்பிராணித் தூபக்கால். ஆயில் ஒழுகுகிறதா? வண்டிக்குத் தாகம், ஊற்றினால் போயிற்று. ஒரு டின்னைக் கவிழ்த்தார். போதுமா என்ற கவலையில் இன்னொன்றையும் கவிழ்த்தார். அளவு பார்க்கும் குச்சியில் கோட்டையும் தாண்டி ஆயில் மினுமினுத்தபோது அவருக்குத் திருப்தியாக இருந்தது.

மறுநாள் பங்காருவும் மனைவி அனுசுயாவும் வந்து இறங்கினார்கள். பிள்ளைகளும் மற்ற உறவினர்களும் வேனில் முன்னாலேயே மலைக்குப் போய்விட்டார்கள். கோதண்டம் ஆரணியில் எடுத்த பட்டு வேட்டியில் மின்னினார். பங்காருவோ பேண்ட் போட்டு, பெல்ட்டைக் கடைசி ஓட்டைவரை இறுக்கியிருந்தார்.

"பட்டு வேட்டி எடுத்து வெச்சிருந்தேங்க," என்று அனுசுயா கௌரியம்மாளிடம் அலுத்துக்கொண்டாள். "நேத்து திடீர்னு பேண்ட்டு தேடறாரு. இன்னான்னு கேட்டா வாயே தொறக்கல."

தட்டு மாற்றப் பேண்ட்டில் வருகிறவனுக்குத் தட்டு மாற்றும் எண்ணம் இருக்குமா? கோதண்டத்துக்குச் சந்தேகம் வலுத்தது. பங்காரு நம்பர் பிளேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ராசியான நம்பர் சம்மந்தி. கூட்டினா..."

"ஒம்போது," என்றார் பங்காரு பட்டென்று. பிறகு இருமினார். "மனக்கணக்கு போட்டேன். ஏன் பாவா, ஒரு ஆட்டோ கூப்டுக்கலாமா?"

"ஏறுங்க!"

ஏறினார்கள். பங்காரு முன் சீட்டில் உட்கார்ந்து, கதவுக் கைப்பிடியை ஒரு தரம் தூக்கி இழுத்துச் சாத்தினார். அப்படிச் சாத்தினால்தான் அந்தக் கதவு மூடும். கோதண்டம் அதைச் சொல்ல வாயெடுத்தவர், வேலை முடிந்துவிட்டதால் விட்டுவிட்டார்.

முதல் வளைவு சுமாராகப் போனது. இரண்டாவதில் பாட்டை மீறி விசில் கேட்டது.

"பாட்டுல வர்ற புல்லாங்குழல்," என்றார் கோதண்டம்.

"நல்லா ஊதறான்," என்றார் பங்காரு. நெற்றியில் வேர்வை. "இங்கியே நிறுத்திடலாம் பாவா. காத்தாட நடக்கலாம்."

"நம்ம வண்டி மேல நம்பிக்க இல்லியா?"

பங்காரு இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது வளைவில் என்ஜின் தானாகவே சுருதி ஏற ஆரம்பித்தது. கோதண்டம் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். சத்தம் இன்னும் ஏறியது. பதறிப்போய் கியரை நியூட்ரலில் தள்ளி, பிரேக்கை மிதித்து, சாவியைப் பிடுங்கினார்.

முருகன் பாட்டு நின்றது. என்ஜின் நிற்கவில்லை.

கையில் சாவியை வைத்துக்கொண்டு அவர் அதையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். என்ஜின் கூரையைப் பிய்த்துக்கொண்டு பறப்பதுபோல் கத்தியது. வெள்ளையும் நீலமுமாகப் புகை கிளம்பி மலைப்பாதையை மூடியது. மேலே போய்க்கொண்டிருந்த காவடிக் கூட்டம் ஒன்று புகையைப் பார்த்து, "அரோகரா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. நேற்று டில்லிபாபு என்னவோ சொன்னானே! அவன் வாய் அசைந்ததும், 'அவ்வளவுதான், நின்றுவிடும்' என்று முடித்ததும் நினைவில் இருந்தன. நடுவில் இருந்தது மட்டும் இல்லை.

"எறங்குங்க எல்லாரும்!" பங்காரு குதித்தார். இடது பக்க விளக்குக்குக் கீழே முழங்காலால் ஓர் இடி இடித்தார். நேற்று கடப்பாரை கேட்ட பானெட் பணிவாகத் திறந்தது. பெரிய ரப்பர் குழாயைப் பிடுங்கி எறிந்தார். "பாவா, வேட்டியக் கழட்டு!"

"இன்னாது?"

"காத்து போற வழிய அடைக்கணும்! காத்து இல்லன்னாதான் நிக்கும்! கழட்டு!"

"துண்டு இருக்குதே சம்மந்தி..."

"துண்டு பத்தாது! அத அப்படியே முழுங்கிடும்! என்ஜின் வெடிச்சி செதறறதுக்குள்ள கழட்டு பாவா!"

கோதண்டம் கழற்றினார். பங்காரு அதைச் சுருட்டித் திணித்தார். ஜரிகையில் பாதியை வண்டி உறிஞ்சியது. ஒரு விக்கல். இன்னொரு விக்கல். உடம்பெல்லாம் குலுங்கி என்ஜின் அடங்கியது.

மலையே அமைதியானது. புகை மெல்ல விலகியபோது, நெற்றியில் விபூதியும் தோளில் துண்டும் இடுப்பில் கோடு போட்ட அண்டர்வேருமாகக் கோதண்டம் நடுரோட்டில் நின்றிருந்தார். ஒரு பஸ் மெதுவாகக் கடந்தது. இந்த முறை விசிலடித்தது கண்டக்டரேதான்.

கௌரியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கோதண்டம் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டார். எல்லாம் முடிந்தது. மகள் மேலே காத்துக்கொண்டிருக்கிறாள். இனி எந்த முகத்தோடு தட்டு மாற்றுவது?

"சம்மந்தி," என்றார் துண்டை இறுக்கிப் பிடித்தபடி. "இதெல்லாம் மனசுல வெச்சிகினு பொண்ண மட்டும்..."

"சேச்சே! தட்டு இன்னிக்கே மாத்தறோம். இப்பவே!" என்றார் பங்காரு அவசர அவசரமாக. "மிஷினுன்னா ரிப்பேரு ஆவாதா? இதப் பத்தி இனிமே பேச்சே வேணாம் பாவா."

என்ன பெரிய மனசு! கோதண்டத்துக்குக் கண்ணில் நீர் முட்டியது. உணர்ச்சி வேகத்தில் ஷோரூம் மறந்துபோயிற்று. "இந்த எழவ தணிகைமணி மூலமா என் தலையில கட்டினவன் எவனோ, அவன் மட்டும் என் கையில கெடச்சான்னா..."

பங்காரு வானத்தைப் பார்த்தார். சாம்பிராணித் தூபக்காலைக் கையில் பிடித்தபடி நின்றிருந்த அனுசுயா, வண்டியின் வாயில் தொங்கிய ஜரிகையைக் குனிந்து பார்த்துவிட்டுக் கணவரிடம் கேட்டாள்.

"ஏங்க, இது நம்ம கிட்ட இருந்தப்போ உங்க பட்டு வேட்டியும் இதே வளைவுலதானே போச்சு?"